நடக்காத பட்டறைக்கு நாலு புள்ளி எட்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, கைப்பேசியில் வந்தது. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் (கடைக்காரர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்). நகரத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்ப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பயிற்சிப் பட்டறைக்குப் பேச்சாளராக வரமுடியுமா என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதே கல்லூரிக்கு நானாகவே இரண்டு முறை எழுதிக் கேட்டு, 'இடமில்லை' என்று இரண்டு முறை பதில் வாங்கியவன் நான். மானம் ரோஷம் எல்லாவற்றையும் வெண்டைக்காய்க் கூடையில் போட்டுவிட்டு, வருகிறேன் என்றேன்.

அதன் பிறகுதான் அவர் ஒரு சின்ன விவரத்தைச் சேர்த்தார். நான் நானாக வரக்கூடாதாம். முனைவர் சுந்தரேசனாக வரவேண்டுமாம். அப்படி ஒரு முனைவர் உலகத்திலேயே இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சயந்தினி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று எழுதி எழுதிப் பார்த்தேன்.

*மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மார்ச் மாத மாலையில், சயந்தினி ஜன்னலோரம் நின்றபடி*

(வேண்டாம். அவளுடைய அறைக்கு ஜன்னலே கிடையாது.)

*செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்த தாத்தா அம்பலவாணர், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய*

(இதுவும் வேண்டாம். சிங்கப்பூர்த் தமிழ்க் கதை என்றால் கப்பலில் வந்த ஒரு தாத்தா இருந்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பெரியவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.)

*வரவிருக்கும் நிகழ்வுகள்.*

ஆங், இதுதான். கல்லூரி இணையத்தளத்தில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. வினை எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கிற்று.

3

சயந்தினிக்கு நாற்பத்தொரு வயது. தமிழ்ப் பிரிவில் ஒப்பந்த விரிவுரையாளர். ஒன்பது வருடமாக ஜூன் மாதம் வந்தால் அவளுக்கு ஒரே கேள்விதான். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா, மாட்டார்களா? அவளுடைய அம்மா யோகம், கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் மகள் பேராசிரியை என்று சொல்லிவைத்திருந்தார். வருடா வருடம் தவணை போட்டு வாழும் பேராசிரியை அவள்.

பிரிவுத் தலைவர் பரமசிவம் நல்ல மனிதர்தான். ஆனால் நிகழ்ச்சிப் பைத்தியம். கருத்தரங்கு, உரையரங்கு, கலந்துரையாடல், பயிற்சிப் பட்டறை என்று மாதம் ஒன்று நடந்தால்தான் தமிழ் மூச்சு விடும் என்று நம்புகிறவர். ஜனவரி முதல் வாரத்துக்குள் பன்னிரண்டு நிகழ்ச்சிகளும் இணையப் பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும்.

பதினொன்று தேறின. மார்ச் மாதக் கட்டம் மட்டும் காலி. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் படிவம் எதையுமே சேமிக்காது. மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் பதினொன்றும் அழிந்துபோயின. சயந்தினியின் மேசைமேல் ஏர்கான் பழுதுபார்க்க வந்தவர் விட்டுச்சென்ற சீட்டு கிடந்தது. அதில் சுந்தரேசன் என்றிருந்தது. அந்தப் பெயரையே கட்டத்தில் தட்டினாள். பட்டம் என்ன என்று படிவம் கேட்டது. முனைவர், பேராசிரியர் என்று இரண்டே வாய்ப்புகள். மற்ற மனிதர்கள் பேசக்கூடும் என்று அந்தப் படிவத்தைச் செய்தவருக்குத் தோன்றியிருக்கவில்லை. போனால் போகிறது என்று சிறியதைக் கொடுத்தாள். தலைப்புக்கு, போன வருடத் தலைப்புகள் இரண்டைப் பிய்த்து ஒட்டினாள்: 'பன்முக நோக்கில் செம்மொழித் தமிழும் செயற்கை நுண்ணறிவும்.'

அடுத்த வாரம் நிஜமான ஆள் ஒருவரைப் பிடித்து மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்த இடத்தில் அவளை நான் நம்புகிறேன்.

[குறிப்பு: மாற்றவில்லை. சுவரொட்டி தானாகவே தயாராகி மின்தூக்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்டது. பேச்சாளர் படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் இரண்டு தோளும். பார்த்தவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.]

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

தமிழ் நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேராது. கூட்டம் சேராவிட்டால் புகைப்படத்தில் காலி நாற்காலி தெரியும். ஆகவே கல்லூரிகள் தங்களுக்குள் கூட்டத்தைக் கைமாற்றிக்கொள்ளும். இன்று நாங்கள் ஒரு பேருந்து மாணவர்களை அனுப்புகிறோம்; எங்கள் நிகழ்ச்சிக்கு நீங்கள் ஒரு பேருந்து அனுப்புங்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரி திரும்பச் செய்யாவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது.

மார்ச் பதினான்காம் தேதி சயந்தினி தன் மாணவர்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு கல்லூரியின் கருத்தரங்கில் தலை எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும் வழியில், சிக்னலில் பேருந்து நின்றபோது, அன்றைக்குத்தான் சுந்தரேசனின் பட்டறை என்பது ஞாபகத்துக்கு வந்தது. கல்லூரிக்குள் ஓடினாள். மூன்றாம் மாடிக் கூடம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

மறுநாள் காலை, அந்த நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்று கணினியைத் திறந்தாள். வருகை தந்தவர்கள்: எண்பத்து மூன்று. சராசரி மதிப்பெண்: ஐந்துக்கு நாலு புள்ளி எட்டு.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு பருவத்துக்கு ஒவ்வொரு மாணவரும் ஆறு நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்க வேண்டும். வருகைப் பதிவும் கருத்துப் படிவமும் ஒன்றே. சுவரொட்டியில் உள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால் போதும். ஒன்பது மாடிக்கு இரண்டு மின்தூக்கி. காத்திருந்த நேரத்தில் பிள்ளைகள் கடமையை முடித்துவிட்டார்கள். பின்னூட்டங்களையும் எழுதியிருந்தார்கள்:

'நேரத்துக்கு முடிந்தது.'

'பேச்சாளர் அடக்கமானவர்.'

'கறி பஃப் சூடாக இருந்தது.'

'இது போன்ற நிகழ்ச்சிகள் மேலும் நடைபெற வேண்டும்.'

நீக்கு என்ற பொத்தானுக்கு அவள் விரல் போனது. அதற்குள், முந்தின நாள் வெளியே ஒரு கூட்டத்தில் இருந்த பரமசிவம் கையில் மதிப்பெண் தாளோடு உள்ளே வந்துவிட்டார்.

"என்ன லா சயந்தினி, இவ்வளவு நல்ல ஆள எங்க பிடிச்சீங்க?"

அவள் சிரித்தாள். தப்பு அங்கேதான். ஜனவரியில் நடந்தது அவசரம், இது அப்படியல்ல. இந்தச் சிரிப்பை எப்படியாவது மன்னிக்கத்தக்கதாக எழுதிவிடலாம் என்று நான்கு நாள் மல்லுக்கட்டினேன். முடியவில்லை.

5

இனி திலீப். இவனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிடோக் வட்டாரத்தில் இருக்கிறான். இருபத்தொன்பது வயது. பிரிவிலுள்ள இன்னொரு ஒப்பந்த விரிவுரையாளர். கதைக்கு வேண்டியதைவிட நல்லவனாக இருக்கிறான். வாசகர்கள் இப்படிப்பட்டவனை நம்ப மாட்டார்கள். முதல் வரைவில் அவனைப் புறம்பேச வைத்தேன், ஒட்டவில்லை. இரண்டாவதில் சோம்பேறியாக்கினேன், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் உண்மையான ஒரே குறை அகப்பட்டது: சயந்தினியோடு பகிர்ந்துகொள்ளும், காற்று போகாத அந்த அறையில் மத்தியானம் மிளகாய்ச் சம்பால் நெத்திலி டப்பாவைத் திறப்பான். போதாதுதான், ஆனால் அவ்வளவுதான் இருக்கிறது.

பிப்ரவரியில் திலீப் நடத்திய பட்டறைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னான். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து வாசித்தான். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் சுஷ்மிதா என்ற மாணவி, முதன்முறையாக ஒரு முழுப் பக்கம் தமிழில் எழுதிவிட்டு அதைத் தானே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண்: இரண்டு புள்ளி ஒன்பது. பின்னூட்டங்கள்: 'எழுதச் சொன்னார்.' 'ஐந்து நிமிடம் தாமதமாக விட்டார்.' 'கறி பஃப் இல்லை.'

ஏப்ரல் கூட்டத்தில் பரமசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார். ஜூன் முதல் ஒரே ஒரு ஒப்பந்த இடம்தான். கல்லூரி மேலிடம் அவரவர் ஏற்பாடு செய்த நிகழ்ச்சிகளின் மதிப்பெண்களைப் பார்த்து முடிவு செய்யும். அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். சயந்தினி திலீப்பைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் திலீப் டப்பாவைத் திறக்கவில்லை. நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அக்கா, அன்னைக்கு நான் காய்ச்சல்னு எம்சி லீவு போட்டுட்டேன். சுந்தரேசன் சார் அப்படி என்ன செஞ்சாரு? எனக்கும் கத்துக்கணும். பசங்களுக்கு என்கிட்ட என்னமோ பிடிக்கல."

கிண்டல் ஏதாவது இருக்கிறதா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். நானும் தேடினேன். மருந்துக்கும் இல்லை. கையில் ஒரு நோட்டு வேறு வைத்திருந்தான்.

"அவர் ரொம்பப் பேசல," என்றாள். "யாரையும் எழுதச் சொல்லல. கேள்வி கேக்கல. பசங்க ஃப்ரீயா இருந்தாங்க."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து அவன் வகுப்பில் எழுத்துப் பயிற்சி இல்லை. காணொளி போட்டுவிட்டு ஓரமாக நின்றான். மதிப்பெண் மூன்று புள்ளி எட்டுக்கு ஏறியது. அக்கா, நீங்க சொன்னது வேலை செய்யுது என்று வந்து நன்றி சொன்னான். வகுப்பு முடிந்து சுஷ்மிதா மட்டும், இன்னொரு பக்கம் எழுதி வந்திருப்பதாகச் சொல்லித் தாளை நீட்டினாளாம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

இதை எனக்குச் சொன்னபோது சயந்தினி தொலைபேசியில் அழுதாள். நான் அதையும் குறித்துக்கொண்டேன். எழுத்தாளன் புத்தி, வேறென்ன.

6

மேலிடத்துக் குழு மே மாதம் நேரில் வருகிறது என்றும், வருடத்தின் மிகச் சிறந்த பட்டறையை அவர்கள் முன்னால் மறுபடி நடத்தவேண்டும் என்றும் பரமசிவம் முடிவு கட்டிவிட்டார். அதனால்தான் எனக்கு அழைப்பு.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். என் எழுத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வரும் என்ற நப்பாசை. அவள் சொன்ன பதில் வேறு. எனக்கு 'இடமில்லை' என்று இரண்டு முறையும் எழுதியது அவள்தானாம். என் கடிதங்கள் கோப்பில் இருந்தனவாம். இந்த ஆள் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வருவார் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

7

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) மேடைக்கு நிஜமான சுந்தரேசன் வருகிறார், ஏர்கான் பழுதுபார்ப்பவர். குளிர், தூசி, அடைப்பு என்று தன் தொழிலைப் பற்றி எளிமையாகப் பேசுகிறார். படித்தவர்கள் வாயடைத்துப்போக, அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. எழுதும்போதே எனக்குக் கூசியது. பரிசு வாங்குகிற முடிவு. அந்த மனிதரைத் தயவுசெய்து வேலை பார்க்க விடுங்கள்.

(ஆ) சயந்தினி குழுவின் முன் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். குழு அதிரவில்லை, யோசிக்கிறது. கூடம் தேவையில்லை, பேச்சாளர் தேவையில்லை, மாணவர் நேரமும் வீணாகவில்லை, திருப்தி மட்டும் நாலு புள்ளி எட்டு. இதையே எல்லாத் துறைகளுக்கும் விரிவுபடுத்தலாமே என்கிறார் குழுத் தலைவர். இதை எழுதிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் படித்தபோது ஒன்று உறைத்தது: இந்த முடிவில் திலீப் எங்கே? ஒருவரும் அவனைப் பற்றிப் பேசவில்லை, நான் உட்பட. கிழித்துப் போட்டேன்.

(இ)

8

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

மே மாதம், காலை பத்து மணி. கூடம் நிரம்பியிருந்தது, மார்ச்சில் அனுப்பிய பேருந்து மொய்யாகத் திரும்பி வந்திருந்தது. குழுவினர் ஐந்து பேர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் 'முனைவர் சுந்தரேசன்' என்று பெயர்ப் பலகை. பேசுவதற்கு முன்பே பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். போர்த்தியபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

முதல் வரிசையில் நடுவில் திலீப். பக்கத்து நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடித்திருந்தான், சுஷ்மிதாவுக்காம். நல்ல பட்டறை, நீயும் வந்து கேள் என்று அவளை அழைத்து வந்திருந்தான்.

சயந்தினி ஒலிவாங்கியின் முன் வந்தாள். அவள் கையில் என் வாழ்க்கைக் குறிப்பு, அதாவது அவருடையது, அதாவது அவளே எழுதியது. "முனைவர் சுந்தரேசன் அவர்கள்" என்று தொடங்கினாள். நின்றாள். தாளைப் பார்த்தாள், குழுவைப் பார்த்தாள், திலீப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வேலை போகும், அவனுக்குக் கிடைக்கும். சொல்லாவிட்டால் அவன் ஜூனில் வீட்டுக்குப் போவான், அதுவும் தன்னிடம்தான் குறை என்று நம்பிக்கொண்டு. எங்களில் யாராவது ஒருவர் வாய் திறக்கவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர் திறக்கட்டும் என்று இருவருமே காத்திருந்தோம்.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவளுக்காக மறைக்கிறேன் என்று நினைத்து என்னை உயர்த்திவிடாதீர்கள். எழுதினால் அந்த மேடையில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதவேண்டி வரும்.

ஆகவே மூன்றாவது முடிவு உங்களுடையது. ஒரே ஒரு வேண்டுகோள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிட்டுப் போகாதீர்கள். கூடத்துக்குள் வந்து, முதல் வரிசையில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

திலீப் நோட்டைத் திறந்திருக்கிறான். மேலே தேதி எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே சுந்தரேசன் சார் என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடு போட்டுவிட்டு, நிமிர்ந்து