இடப்பக்கத்து எடை

இட்வல் பிரிட்சர்டுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. ஆங்கிள்சி தீவின் கடலோரப் பந்தயத் தடத்தில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்ததும் அவர் கார் சுற்றிக்கொண்டு புல்லில் போய் நின்றது. இந்த வருடத்தில் அது இரண்டாவது முறை. தடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபியோன் ஓடி வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை உள்ளயே விட மாட்டேன், மிஸ்டர் பிரிட்சர்ட். பின்னாடி வர்றவங்களும் உயிரோட வீட்டுக்குப் போகணும்ல?"

இதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது? வாரம் பூராவும் ஹோலிஹெட் துறைமுகத்தில் லாரிகளைக் கப்பலுக்குள் கைகாட்டி அனுப்புகிற வேலை. வீட்டுக்கு வந்தால் நாலு சுவர். மாதத்தில் ஒரு நாள் யாராவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அந்தத் தடம்தான்.

முதல் தடவை சுற்றியபோதே பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டார். பிரேக் எண்ணெய் புதுசு, டயர் நாலும் புதுசு. எதுவும் எடுபடவில்லை. இதுவரை வேறு எவனையும் அந்தக் காரைத் தொடவிடாதவர், வேறு வழியில்லாமல் மெக்கானிக் பெர்வினின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

பெர்வின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தலா ஒரு தராசுத் தட்டு வைத்தான். இட்வலை உள்ளே உட்காரச் சொன்னான்.

"தடத்துல எப்படிப் போவீங்க? தனியாவா, பக்கத்துல ஆளோடயா?"

"ரெண்டு பேர்" என்றார். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"பக்கத்துல உட்கார்றவங்க என்ன எடை?"

"அறுபத்தொண்ணு. ஹெல்மெட்டோட."

இதற்கு யோசிக்க வேண்டுமா என்ன? வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்திருக்கிறாரே! ஏழு வருடத்துக்கு முன்னால், இரவல் வாங்கிய தராசில் மனைவி நெரிஸையும் காரோடு ஏற்றி, அவரே எல்லாவற்றையும் சரிசெய்த நாளில் எழுதியது. ஐம்பத்தேழுதான் என்று அவள் சத்தியம் பண்ணினாள். தராசு காட்டிக்கொடுத்துவிட்டது. "பொண்டாட்டி எடையைச் சுவத்துல எழுதி வைக்கிற ஆளை இப்பதான்யா பாக்கறேன்!" என்று கத்தியவள், கோபத்தை முடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

பிரேக் மிதிக்கிற இடம் வந்ததும் "இப்போ!" என்று குரல் கொடுப்பவள் அவள்தான். வீட்டுக்குத் திரும்பினால் இவர் நேராகக் கொட்டகைக்குள் போய்விடுவார். மேஜையில் சாப்பாடு ஆறிப்போகும். போன குளிர்காலத்தில் அவள் பெட்டி கட்டினாள். சண்டையெல்லாம் இல்லை. "நான் ஒருத்தி இருக்கேன்னு உனக்கு ஞாபகம் வர்றதே அந்த சீட்ல உட்கார்ந்தாதான், இட்வல். மத்த நேரமெல்லாம் நான் இந்த வீட்டுல தனியாதான் இருந்தேன்" என்றாள். இப்போது கார்டிஃபில் தங்கையோடு இருக்கிறாளாம்.

பெர்வின் அறுபத்தொரு கிலோவுக்கு மணல் மூட்டைகளை இடப்பக்க சீட்டில் அடுக்கி பெல்ட்டும் போட்டான். எண்களைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"முன்சக்கரம் ரெண்டுலயும் பாரம் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. எவனோ கெட்டிக்காரன் பண்ணியிருக்கான். நான் கை வைக்க இதுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் எப்படிங்க சுத்துது?"

இட்வலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சொன்னால் அவள் வரமாட்டாள் என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி சுற்றும், எவன் மேலாவது போய் மோதும்.

"இல்லப்பா. தனியாதான் ஓட்டறேன்."

"போன தடவை மட்டுமா?"

"இந்த வருஷம் பூரா."

பெர்வின் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். இடது முன்சக்கரத்தின் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"பாருங்க, இதுல பாரமே இல்ல. பிரேக் மிதிச்சா இது மட்டும் முதல்ல சுத்தாம பூட்டிக்கும். கார் கோணிக்காம என்ன செய்யும்? அந்த சீட்டையும் கழட்டிடட்டுமா? காலியா எதுக்குச் சுமக்கறீங்க?"

"சீட்டு இருக்கட்டும்" என்றார் இட்வல். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

ஸ்பிரிங்குகளின் அடியில் இருக்கிற வளையங்களை ஏற்றியும் இறக்கியும் திருகி, மத்தியானத்துக்குள் பெர்வின் அதை ஒற்றை ஆளுக்கான காராக்கிக் கொடுத்தான்.

அடுத்த மாதம் தடத்தில் கடல்காற்று ஆளைத் தள்ளியது. நேர்ப்பாதையின் முடிவில் "இப்போ!" என்று அவரே சொல்லிக்கொண்டு மிதித்தார். கார் கோடு கிழித்ததுபோல நேராக வேகம் குறைந்தது. அடடா, என்ன அருமை! சந்தோஷம் தாங்காமல் இடப்பக்கம் திரும்பினார். காலி சீட்டில் பெல்ட் மட்டும் இறுக்கிப் போட்டபடி கிடந்தது.

உள்ளே வந்து நிறுத்தியதும் ஃபியோன் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு வந்தாள்.

"சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா நிக்குது! அப்படி என்னதான் பண்ணீங்க?"

"நெரிஸை இறக்கி விட்டுட்டேன்."

ஃபியோன் இந்த வருடம்தான் வேலைக்கு வந்தவள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

"எங்க, கேன்டீன்லயா?"

"ஆமா" என்றார் இட்வல். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.