லொரெட்டாவின் பேருந்தை முந்திய குதிரை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை எனக்குத் தந்தவள் லொரெட்டா. எங்கள் லங்காஸ்டர் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இதைப் பள்ளிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன். நானும் குழு உறுப்பினர், எனக்கும் ஓட்டு உண்டு. ஆகவே என்னை முழுசாக நம்ப வேண்டாம்.

2

பனி கொட்டிய ஒரு காலையில் மஞ்சள் பேருந்து ஒன்று…

(அடித்துவிட்டேன். அன்று சுள்ளென்று வெயில்.)

போன வருடம், பேருந்து நின்று 'நில்' என்ற சிவப்புப் பலகையை நீட்டியிருந்தபோதே ஒரு கார் முந்திப் பாய்ந்தது. சாலையைக் கடந்த ஆறு வயது டெஸ்ஸா மயிரிழையில் தப்பினாள். அவளது சாப்பாட்டு டப்பா நசுங்கியது. லொரெட்டா குழுவை நச்சரித்து, முந்துகிறவர்களைப் படம்பிடிக்கப் பேருந்தில் கேமரா மாட்டவைத்தாள். அதன்பிறகு ஒரு காரும் முந்தவில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒருத்தனும் கேமராவுல மாட்டலையே, அப்புறம் எதுக்கு? கழட்டிடலாம்" என்றார் குழுத் தலைவர் விர்ஜில்.

"அது இருக்கிறதாலதாங்க யாரும் மாட்டல!" என்றாள் லொரெட்டா.

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

அத்தாட்சி கொண்டுவர லொரெட்டா இன்றைய கூட்டம்வரை தவணை கேட்டாள்.

3

நேற்று ஒருவர் மாட்டினார். கார் ஓட்டாத, எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் சமயக்காரர் அம்மோன் எஷ், குதிரை வண்டியில். அவருடையது பழைய பந்தயக் குதிரை. முன்னால் எது நின்றாலும் அதற்குப் பொறுக்காது. நல்லவேளை, டெஸ்ஸா இன்னும் படியிறங்கவில்லை.

(பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, குதிரைக் கதையை நானே கட்டிவிட்டதாகச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.)

சாயங்காலமே அம்மோன் ஒரு பையுடன் லொரெட்டா வீட்டுக் கதவைத் தட்டினார். பையில் ஆப்பிள் பை என்ற பலகாரம். (மன்னிக்கவும், கூடையில்.)

"தப்பு என்னோடதுதான். இழுத்துப் பிடிச்சேன், கேக்கல கழுதை."

"அது குதிரைங்க."

"இன்னிக்குக் கழுதைதான். அந்தப் படத்தைக் கூட்டத்துல காட்டிடாதீங்க லொரெட்டா. எங்க ஆளுங்க முகத்தைப் படமா காட்டுறது எங்களுக்கு ஆகாது."

"விர்ஜிலுக்குக் காட்ட அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. கேமரா போச்சுன்னா, டெஸ்ஸா கடக்கிறப்போ நான் எப்படிங்க மூச்சு விடுவேன்?"

அம்மோன் தாடியைத் தடவினார். "படம் வேண்டாம். நானே வந்து சொல்றேன்."

4

முடிவு ஒன்று: லொரெட்டா படத்தைப் போட்டுவிடுகிறாள். (சீ, அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு இரண்டு: விர்ஜில் மனம் உருகி அழுகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நடந்தது இது. சற்றுமுன் அம்மோன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என் குதிரைக்குக் கேமரான்னா என்னன்னு தெரியாதுங்க. அதான் முந்திடுச்சு. கார்க்காரங்களுக்குத் தெரியும். அதான் நிக்கிறாங்க."

கூடமே வெடித்துச் சிரித்தது. லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கையெழுத்து கோணிப்போகிறது.

விர்ஜில் மட்டும் இருமிவிட்டு ஓட்டெடுக்கிறார். கேமரா இருக்கட்டும் என்று மூன்று கை. கழற்றலாம் என்று மூன்று. முன்வரிசையில் டெஸ்ஸா நசுங்கிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"எழுதினது போதும், உங்க ஓட்டு?" என்கிறார் விர்ஜில்.

கையைத் தூக்க வேண்டுமென்றால் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதோ, வைக்கிறே