ஐந்து கிலோவில் நின்ற முள்

டி.சி. மோட்டாரில் பெல்ட்டின் இழுவையை அளக்க மாட்டியிருந்த ஸ்பிரிங் தராசின் முள் ஐந்து கிலோவைத் தாண்டாது என்பது மூன்றாம் ஆண்டு மின் பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். லேப் உதவியாளர் குப்புராஜுக்கும் தெரியும். வேறு தராசு கேட்டு அவர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் யாருக்கும் சிரமம் இல்லை. மோட்டாரை ஓட்டுவார்கள், பெல்ட்டை இறுக்குவார்கள், சூடேறும் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள். எழுதும்போது மட்டும் சீனியர் ஒருவரின் பழைய ரெக்கார்டு நோட்டில் உள்ள அளவுகளை எழுதுவார்கள். எஃபிஷியன்சி எழுபத்தொன்பது சதவீதம் வரும். கிராஃப் அழகாக வளையும்.

ஏப்ரல் மாதச் செய்முறைத் தேர்வில் விக்டோரியாவுக்கும் குணாளனுக்கும் சீட்டில் அந்த மோட்டார் விழுந்தது. இருவரும் சேர்ந்து ஓட்ட வேண்டும். விடைத்தாள் தனித்தனி.

"நான் வர்றதத்தான் எழுதப் போறேன்" என்றாள் விக்டோரியா.

"லூசா நீ? அத எழுதிக்கினு இன்னா பண்ணுவ? கிராஃபே வராது."

"தராசு ரிப்பேருன்னு கீழ எழுதிடுவேன். கேட்டா, நீயும் பாத்தேன்னு சொல்லு. அது போதும்."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல தண்ணி ஊத்து. பெல்ட்டு தீயுற நாத்தம் வருது."

"நீ இன்னா எழுதப் போற?"

"நான் சீனியர் மோட்டாரத்தான் ஓட்டறேன்."

அவள் சிரித்துவிட்டாள். டிரம்மில் ஊற்ற வேண்டிய தண்ணீர் கொஞ்சம் அவன் ஷூவில் விழுந்தது.

இருவருக்குமே ஆகஸ்ட்தான் முக்கியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனிகள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் மாதம் அது. ஒரு பாடம் அரியர் இருந்தாலும் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடமாட்டார்கள். விக்டோரியாவின் அப்பா கோபால் ஒரு உருக்காலையில் பதினாறு வருடமாக கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போயிருந்த பேனல் போர்டு கம்பெனியின் மேலாளர், வயரிங்கில் அவள் கண்டுபிடித்த தவறு ஒன்றைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் கட்டாயம் வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று இரவு கோபால் தெருவுக்கே பரோட்டா வாங்கிக் கொடுத்தார். குணாளனின் அப்பா குப்பனுக்குப் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி. அந்த வீட்டிலும் ஆகஸ்ட் பற்றித்தான் பேச்சு.

வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த எக்ஸ்டர்னல், விக்டோரியாவின் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா கிராஃப்? ஏறி வந்து பொத்துன்னு விழுது. பத்து ஆம்ப்ஸ்ல நாப்பத்தேழு பர்சென்ட். இது மோட்டாரா, மாவு அரைக்கிற கிரைண்டரா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தராசு சார். அஞ்சு கிலோவுக்கு மேல முள்ளு ஏறல. கீழ எழுதியிருக்கேன்."

எக்ஸ்டர்னல், லேப் பொறுப்பாளர் சந்திரமோகன் பக்கம் திரும்பினார். கல்லூரியில் பழுதான கருவி இருக்கிறது என்று வெளியாள் முன்னால் ஒப்புக்கொள்ள சந்திரமோகன் தயாராக இல்லை.

"போன மாசம்தான் சார் எல்லாம் செக் பண்ணோம்" என்றார்.

"நீதானே பார்ட்னர்? உனக்கு எவ்வளவு வந்துது?" என்று எக்ஸ்டர்னல் குணாளனைக் கேட்டார்.

"எழுபத்தொன்பது சார்" என்றான் குணாளன்.

"முள்ளு ஏறுச்சா?"

சந்திரமோகன் ஜன்னல் பக்கம் பார்த்தார். குப்புராஜ் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஏறுச்சு சார்."

மோட்டார் நாலு தப்படியில் இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"அப்போ உனக்குத்தாம்மா பாக்கத் தெரியல. தப்பு பண்ணிட்டு கருவி மேல பழி போடக் கூடாது."

விக்டோரியா குணாளனைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. அவன் தன் தாளில் பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது. ஜூனில் முடிவு வந்தபோது அவளுக்கு அந்த ஒரு தாள் மட்டும் அரியர். ஆகஸ்டில் பேனல் போர்டு கம்பெனி வந்தது. அவள் வாசல்வரை போய்த் திரும்பியதாகத் தோழிகள் சொன்னார்கள். இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவன் குணாளன்.

அதன் பிறகு அவன் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டான். சந்திரமோகனிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு முறை அவர் அறை வரைக்கும் போனான். முதல் முறை உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். இரண்டாம் முறை அவர் தனியாகத்தான் இருந்தார். அவன் கையெழுத்து வாங்க வந்ததாகச் சொல்லி ரெக்கார்டை நீட்டினான்.

நவம்பரில், அவள் மறுபடி அந்தத் தேர்வை எழுத நான்கு நாள் இருந்தபோது, பொன்னேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவளைக் கவனிக்காததுபோல் கடந்துபோனான்.

"இன்னா ஆபிசரு, ஒளிஞ்சிக்கினு போற?"

நின்றான். அவள் பெஞ்சில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தாள்.

"விக்டோரியா, அன்னிக்கி நான்..."

"அத வுடு. இப்ப இன்னா பண்ணப் போற, அந்த எக்ஸ்டர்னல இட்டுனு வரப் போறியா?"

"தராசு மாத்திட்டாங்களா?"

"குப்புராஜ் அண்ணாவ கேட்டேன். அதேதான் கீதாம்." பேனாவின் மூடியைக் கழற்றினாள். "மறுபடி அதே மோட்டார் வுழுந்தாலும் வுழும். சீனியர் ரெக்கார்டு இப்ப யாராண்ட கீதுன்னு தெர்ல. உனக்கு மனப்பாடம்தானே, சொல்லு. அஞ்சு ஆம்ப்ஸுக்கு இன்னா போட்ட?"

"நீ இந்த மாதிரி எழுத மாட்டேன்னு..."

"எங்க அப்பா ஜூன்லேர்ந்து எங்கூட சரியா பேசல குணா. எல்லாம் நல்லா எழுதினேன்னு சொன்னியேன்னு ஒரு வாட்டி கேட்டாரு, அவ்ளோதான். சொல்லு. ட்ரெயின் வந்துரும்."

அவன் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.

"பத்துக்கு?"

"எட்டு கிலோ."

"பன்னெண்டுக்கு?"

"பத்து."

"பதினாலுக்கு?"

அந்த முள் அவ்வளவு தூரம் ஏறி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். அதையும் சொன்னான்.