மணம் கொஞ்சம் குறைவு

எங்கள் சந்தில் எதுவும் நாறுவதில்லை. மணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சோறு அடிப்பிடித்துப் போனால் பக்குவம் கொஞ்சம் குறைவு. மருமகன் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தால் சுறுசுறுப்பு கொஞ்சம் குறைவு. ஜாவாக்காரர்கள் வாயில் கெட்டது என்று ஒன்று கிடையாது. நல்லதுதான் அங்கங்கே கொஞ்சம் குறைந்து கிடக்கும். நான் பதாக் பெண். சுமத்ராவில் எங்கள் பக்கம் நாறினால் நாறுகிறது என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொல்வோம். ஜாவாவில் இந்தக் கிளாத்தன் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் இந்தச் சந்தில் என்னைப் பற்றிக் கேட்டால், "தியூர்மாவுக்கு மனசு வெள்ளை, நிதானம் கொஞ்சம் குறைவு" என்பார்கள்.

என் கணவர் வார்சிதோ, பள்ளிக்கூட எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே கோழி வளர்க்கத் தொடங்கினார். அத்தனை வருஷம் வகுப்பறைச் சத்தம் கேட்ட காதுக்கு வீட்டின் அமைதி ஒத்துக்கொள்ளவில்லையாம். கொல்லையில் மூங்கில் கூண்டு எழுந்தது. மற்ற பக்கமெல்லாம் இடம் இருக்க, பக்கத்து வீட்டு இபு லஸ்மினியின், அதாவது லஸ்மினி அம்மாவின், அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் அது எழுந்தது. அங்கேதான் காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம். உண்மைதான். காற்று எங்கள் கூண்டில் புறப்பட்டு நேராக லஸ்மினியின் சன்னலுக்குள் ஓடியது.

மழை தொடங்கியதும் கூரைத் தண்ணீர் கூண்டுக்குள் சொட்டியது. குடிதண்ணீர்ச் சட்டியைக் கோழிகள் மிதித்துக் கவிழ்த்தன. கீழே போட்டிருந்த உமியும் எச்சமும் கலந்து களியாகி, கண்ணைக் கரிக்கும் ஒரு நாற்றம் கிளம்பியது. நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, வாய் வலிக்கச் சொன்னேன்.

"மாஸ், கூண்டு நாறுது. அள்ளிப் போடுங்க."

"உனக்கு மூக்கு கூர்மை, பொறுமை கொஞ்சம் குறைவு. பக்கத்து வீட்டுல யாராவது வாயத் தொறந்தாங்களா?"

திறப்பார்களா? இபு லஸ்மினி கணவனை இழந்தவர், ஒரே மகளோடு இருப்பவர், சந்திலேயே மரியாதைக்குப் பேர் போனவர். ஒருநாள் வேலி ஓரம் வந்து நின்றார். முகத்தில் புன்னகை, கண்ணில் கண்ணீர். அது அன்பால் வந்த கண்ணீர் இல்லை.

"பாக் வார்சிதோ, உங்க கோழிங்க ரொம்பச் செழிப்பா இருக்கு போல. நான் அடுப்படில நின்னாலே தெரிஞ்சிடுது."

என் கணவர் பூரித்துப் போனார். "உங்க வாயால கேக்க சந்தோஷமா இருக்கு இபு! இருங்க, வெறுங்கையோட போகக் கூடாது" என்று ஒரு கிண்ணம் முட்டையைக் கையில் திணித்தார். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் முட்டையோடு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே நறுக்கிய பாண்டன் இலை, வாசனைக்கு. என் கணவர் அதைக் கூண்டில் தூவினார், அதன் மேல் கோழிகள் தங்கள் கருத்தைத் தெரிவித்தன. மறுபடி முட்டை போனது, மல்லிகைப்பூ வந்தது. மறுபடி முட்டை, இந்தத் தடவை சாம்பிராணிக் கட்டி. கடைசியாகக் கற்பூர உருண்டை, ஒரு பொட்டலம் நிறைய.

"எவ்வளவு பாசம் பாத்தியா? கோழிக்குன்னு வாங்கி அனுப்புறாங்க" என்றார் என் கணவர். கற்பூரத்தை வலைத்துணியில் கட்டிக் கூண்டின் நாலு மூலையிலும் தொங்கவிட்டார். பிறகு கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்துவிட்டுக் காப்பிச் சக்கை தெளித்தார், துணி மணக்கப் போடும் திரவத்தைப் பீச்சினார், ஒரு புளித்த தண்ணீரைப் புட்டியில் வைத்து மூன்று வேளையும் குலுக்கினார். ஒரு மனிதன் மண்வெட்டியைத் தொடாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட முடியுமோ அவ்வளவும் பட்டார். கூண்டு இப்போது பூக்கடைக்குள் பேதி கண்ட மாதிரி மணந்தது. 'கோழி உங்களோடது, எச்சமும் உங்களோடது' என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

வீம்பை உடைத்தவள் லஸ்மினியின் மகள் ரெத்னோ. ஒரு மத்தியானம் என் சமையலறைக்குள் வந்து, முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். சோலோ நகரத்துப் பையன் தாமாரை அவள் விரும்புவது சந்துக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா இபு ஹர்தாதி பெண் கேட்க வந்ததும் தெரியும்.

"என்னடி ஆச்சு?"

"வந்து உக்காந்ததுலேருந்து கைக்குட்டைய மூக்கவிட்டு எடுக்கவே இல்ல சின்னம்மா. அம்மா செஞ்ச ஒட்டரிசிப் பொட்டலத்தத் தொடக்கூட இல்ல. கிளம்பறப்ப, 'நல்ல நாள் பாத்துச் சொல்றோம், அவசரமில்ல'ன்னாங்க."

இந்த ஊரில் 'அவசரமில்லை' என்றால் ஆயுசுக்கும் இல்லை என்று அர்த்தம்.

"தாமார் கெஞ்சிக் கூத்தாடி வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவ கூட்டிட்டு வர்றான். அன்னிக்கும் அவங்க மூக்கப் பொத்தினா அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சுது."

"எங்க கூண்டாலயா? ஏன்டி, உங்கம்மா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ரெத்னோ கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "மழை ஆரம்பிச்சதுலேருந்து சொல்லிட்டுத்தானே இருக்காங்க!"

"எப்படி சொன்னாங்க?"

"கற்பூரம் குடுத்தனுப்புனாங்களே!"

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனாலும் போகட்டும், 'நாறுது' என்ற ஒரு சொல் வெளியே வரக்கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறது இந்தச் சந்து. நேராகக் கொல்லைக்குப் போனேன். என் கணவர் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். புட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கையில் மண்வெட்டியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"நாறுதுன்னு யாருமே சொல்லலையே தியூர்."

"நான் சொன்னேன்ல?"

"நீ சொல்றதெல்லாம் கணக்குல வருமா? நீ எல்லாத்தையும் நாறுதுன்னுதானே சொல்லுவ!"

அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கூண்டே கதி. கோழிகளை வெளியே விரட்டிவிட்டு ஈரக் களியைத் தரை தெரியும்வரை சுரண்டினோம். சாக்கில் அள்ளி, சந்துக்கு வெளியே மிளகாய்த் தோட்டக்காரரிடம் சேர்த்தோம். அவர் ஒருவர்தான் எங்களை முகமலர்ச்சியோடு வரவேற்றார். மூங்கில் பத்தைகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டோம். கூரையில் இரட்டை ஓடு வைத்து, தண்ணீர் வெளிப்பக்கம் விழும்படி தகரம் கட்டினோம். குடிதண்ணீர்ச் சட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிட்டோம். தரையில் சுண்ணாம்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் தூவி, ஆலையிலிருந்து காய்ந்த உமி கொண்டுவந்து தாராளமாகப் பரப்பினோம். அதற்குப் பிறகு தினமும் காலையில் எச்சத்தை அள்ளுவதும் உமியைக் கிளறிவிடுவதும்தான் வேலை. பூவும் சாம்பிராணியும் செய்யாததை ஒரு துடைப்பம் செய்துவிட்டது. கூண்டில் காய்ந்த வைக்கோல் வாசனைதான் மிச்சம். என் கணவர் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி, "ஈரம்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்றார். அவர் தலையில் சட்டியைக் கவிழ்க்காமல் விட்டது என் நிதானத்துக்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை லஸ்மினி வீட்டில் பலகாரம் எடுத்துவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். கூடம் பளபளவென்று இருந்தது. சன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. மூலைக்கு மூலை ஏதேதோ கிண்ணங்கள். வாரம் முழுக்கக் கூண்டில் கிடந்த என் மூக்குக்கு எல்லாம் ஒன்றுதான், நான் கண்டுகொள்ளவில்லை.

இபு ஹர்தாதி வந்தார். உயரமான பெண்மணி, இஸ்திரி கலையாத புடவைத்துணி. வாசற்படி தாண்டி இரண்டு எட்டு வைத்தார். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

ரெத்னோவின் முகம் வெளுத்தது. தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். தாமார் தரையைப் பார்த்தான். லஸ்மினி மட்டும் சிரித்துக்கொண்டே, "வாங்க, உக்காருங்க, வழியில வெயில் எப்படி?" என்றார். ஹர்தாதி கைக்குட்டைக்குள்ளிருந்து, "இதமா இருந்துச்சு" என்றார். வெயில், மழை, சோலோவில் சர்க்கரை விலை, எல்லாம் பேசினார்கள். எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் என் கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தாள். நான் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"இபு ஹர்தாதி, நேராவே கேக்குறேன். எங்க கோழிக்கூண்டு நாறுதா?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். லஸ்மினி தேநீர்க் குவளையை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்துபோனார்.

ஹர்தாதி கைக்குட்டையைக் கொஞ்சம் இறக்கினார். "எந்தக் கோழிக்கூண்டு?"

"பின்னாடி இருக்கே, எங்க வீட்டுது. போன தடவ அதனாலதானே மூக்கப் பொத்துனீங்க?"

"கோழி நாத்தம் எனக்குப் புதுசா? எங்க வீட்டுலயும் கோழி இருக்கு." அவர் தயங்கினார். மகனைப் பார்த்தார், லஸ்மினியைப் பார்த்தார். பிறகு, "நீங்க இப்படி ஒடச்சுக் கேட்டதால சொல்றேன். போன தடவ உள்ள வந்ததும் கற்பூரம், சாம்பிராணி, மல்லி, பாண்டன் இலை, எல்லாம் ஒண்ணா வந்துச்சு. இது சாவு வீட்டு வாசனை இல்லையா? மய்யித்தக் குளிப்பாட்டி வெச்சிருக்கிற வீட்டுலதானே இப்படி வரும்? யாரோ செத்துப்போயிருக்காங்க, ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு யோசிச்சுட்டே உக்காந்திருந்தேன். பலகாரம் எப்படி எறங்கும்? உள் அறைக் கதவு வேற சாத்தியிருந்துச்சு. இன்னிக்கும் அதே வாசனைதான்."

"கேட்டிருக்கலாமே!" என்றேன்.

"அதெப்படிக் கேக்குறது? மரியாதையா இருக்குமா?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பக்கம் நாற்றத்தைச் சொல்ல மரியாதை இடம் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் பிணத்தைக் கேட்க மரியாதை இடம் கொடுக்கவில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் ரெத்னோவைத்தான் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

லஸ்மினி குவளையை டக்கென்று கீழே வைத்தார். "இங்க யாரும் சாகல!" என்றார். "இந்த மனுஷனோட கோழிதான் நாறுச்சு! மழைக்காலம் முழுக்க நாறுச்சு! சோத்துல நாறுச்சு, துணியில நாறுச்சு! அத மறைக்கத்தான் கடையில இருந்த கற்பூரத்தையெல்லாம் வாங்கினேன்! ஒவ்வொண்ணா சேத்துச் சேத்து என் மூக்கே மரத்துப்போச்சு!"

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல. "இபு, மன்னிச்சிடுங்க. நீங்க சொல்லியிருந்தா..."

"நீங்கதான் வாயத் தொறக்கறதுக்குள்ள முட்டையக் குடுத்துடுறீங்களே!"

முதலில் சிரித்தவர் ஹர்தாதி. கைக்குட்டைக்குள் சிரித்தார், பிறகு கைக்குட்டை இல்லாமல் சிரித்தார். நான் போய்ச் சன்னல்களைத் திறந்தேன். கிண்ணங்களைத் தாமார் வெளியே கொண்டுபோனான். கூண்டுப் பக்கமிருந்து காற்று வந்தது, வெறும் காற்று. ஹர்தாதி அதை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, ஒட்டரிசி ஒன்றை எடுத்து இலையைப் பிரித்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று எடுத்தார். அதன் பிறகுதான் ரெத்னோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முறைப்படி கேட்டார்:

"என் மகனுக்கு உன்னக் கேக்க வந்திருக்கோம். என்னம்மா சொல்ற?"

இதற்குப் பெண் சொல்ல வேண்டிய பதில் ஊரறிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, 'அம்மா விருப்பம்' என்று தனக்கே கேட்காத குரலில் சொல்ல வேண்டும். அதையும் மூன்று தடவை கேட்ட பிறகு. லஸ்மினி மகளின் தலையைக் குனியவைக்கக் கையை நீட்டினார். ரெத்னோ குனியவில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றாள். குரல் வாசல்வரை கேட்டது. "தாமாரத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். போன வாரமெல்லாம் அழுது செத்துட்டேன். நாள் பாக்கறதுன்னா இப்பவே பாருங்க."

ஹர்தாதி தன் கையிலிருந்த வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டுவிட்டார். லஸ்மினி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு அழுகை வருது" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அழுதேன்.