இறக்காத கை

டாக்டர் இளஞ்செழியன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்க கையே தூக்கலம்மா. தூக்கியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல?"

அஸ்ரப் நிஷாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது, நாக்கின் வலது பாதியைத் தவிர. அந்தப் பாதிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

பக்ரீத்துக்கு முன்னால், கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இதே நாற்காலியில்தான் படுத்திருந்தாள். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்று அவரே சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். கடைவாயின் கோடியில் அது இறங்கியதும், கரண்டு கம்பியைக் கடித்ததுபோல் நாக்கின் நுனிவரை சுரீரென்று வெட்டியது. கையைத் தூக்கினாள். "கைய எறக்கும்மா. அவ்ளோதான், முடிஞ்சிது" என்றார். இறக்கினாள். மருந்து முழுவதும் உள்ளே போனது.

சாயங்காலத்துக்குள் உதட்டுக்கு உணர்வு வந்துவிட்டது, நாக்குக்கு வரவில்லை. டீ குடித்தால் ஒரு பக்கம் டீ, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டது சோற்றில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. போன் செய்தபோதெல்லாம் டாக்டர், சரியாகிவிடும், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். பாத்திரக்கடை வைத்திருந்த அவள் கணவன் ரியாசுதீனிடம் பக்கத்துக் கடைக்காரர், "குடுத்து வச்சவரு பாய் நீங்க. இனிமே வூட்ல பாதிப் பேச்சுதான்" என்றாராம். அவனும் சிரித்துவிட்டு வந்து அதை அவளிடமே சொன்னான்.

சேலத்தில் பார்த்த இன்னொரு டாக்டர்தான், பஞ்சால் நாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் பேசினார். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் எப்போதாவது ஒருவருக்கு ஊசி நரம்பில் பட்டுவிடும். பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாமலும் போகலாம். ஷாக் அடித்தால் ஊசியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இடம் மாற்றிய பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும்.

ஊசி பட்டதை அவள் அன்றே மன்னித்துவிட்டாள். அவளைத் தின்றது வேறு. உயிரே அதிர்ந்தபோதும், எறக்கு என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்ட அந்தப் பெண் யார்? பிரசவ வார்டில் கத்தாதே என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டவள்தானே? ஆமாம், தூக்கினீர்கள் என்ற ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டுவிட்டால், தன்னையும் கொஞ்சம் மன்னித்துக்கொள்ளலாம் என்றுதான் இன்று வந்தாள். இப்போது தூக்கவே இல்லையாம்.

ரியாசுதீன் அவள் முழங்கையைத் தொட்டான். டாக்டர் வீட்டுக்குப் பாத்திரமெல்லாம் அவன் கடையிலிருந்துதான் போகும். "பேச்ச வளக்காத, நிஷா. வெளிய ஆளு காத்துக்கினு இருக்காங்க."

காத்திருந்தவள் கோகிலவாணி. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை பார்ப்பவள், மலைமேலிருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் தனியாக இறங்கி வந்திருந்தாள். வெளியே வந்த நிஷாவிடம் அவள், "ஊசி ரொம்ப வலிக்குங்களா?" என்று கேட்டாள்.

பயமுறுத்தினால் இவள் சொத்தைப் பல்லோடு மலையேறிவிடுவாள். வலிக்காது என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. "எல்லாருக்கும் ஒண்ணும் ஆவறதில்ல. நாக்குல கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா மட்டும் கையத் தூக்கு" என்றாள்.

கோகிலவாணி உள்ளே போனாள். ரியாசுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டான். நிஷா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் நாற்காலியின் கைப்பிடியும், அதைப் பற்றியிருந்த, நகக்கண்ணில் மண்ணேறிய ஒரு கையும் தெரிந்தன. திடீரென்று அந்தக் கை விறைத்தது. மேலே எழுந்தது.

"கைய எறக்கும்மா. அவ்ளோதான், முடிஞ்சிது."

அதே வார்த்தைகள், அதே நிதானமான குரல். கை அந்தரத்தில் தயங்கியது. பிறகு, நிஷாவுக்கு நன்றாகத் தெரிந்த விதத்தில், மெல்ல இறங்கத் தொடங்கியது.

கதவைத் தள்ளியது தான்தான் என்பது அவளுக்கு உள்ளே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

"எறக்காதம்மா" என்றாள். "நீ எறக்காத."

கை மறுபடி உயர்ந்தது.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? வாயில ஊசி இருக்குது."

"அதனாலதான் சொல்றன். பின்னால இழுங்க, டாக்டர்."

கை அவர் மூக்குக்கு நேராக நின்றது. பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அவர் ஊசியை வெளியே எடுத்தார். கோகிலவாணி நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்தாள். "சுர்ர்னு நுனி வரைக்கும் போச்சிங்க. இப்ப இல்ல."

"அன்னிக்கு நானும் இதே ஒசரம்தான் தூக்கனேன்" என்றாள் நிஷா.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியதை எடுத்து விரல் விரலாக மாட்டினார். வாசலில் ரியாசுதீன் நின்றிருந்தான், இம்முறை அவளைக் கூப்பிடவில்லை.

"வெளிய இருங்கம்மா. இடம் மாத்திப் போடணும்."

"போடுங்க. நான் இங்கியே நிக்கிறன்."

கோகிலவாணியின் கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்கலாமா என்று அவள் டாக்டரைக் கேட்கவில்லை, நிஷாவைத்தான் பார்த்தாள்.