குப்பைக்குப் போன மாசி

பூவாற்றுக்கு அருகே திருப்புறத்திலிருந்து, மகன் ரெஜினைப் பார்க்க லில்லிக்குட்டி சாவோ பாவ்லோ நகரத்துக்கு வந்திருந்தாள். ரெஜினுக்கு அங்கே வங்கியில் வேலை. அவனுக்கென்று கொண்டுவந்த மாசிக் கருவாடு, வந்த மறுநாளே குப்பைக்குப் போய்விட்டது.

அந்த மாசிக்காக அவள் கணவர் நார்பர்ட் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காக்கை கொத்தாமல் மொட்டைமாடியில் காவலிருந்து, கட்டைபோல உலர்த்தியிருந்தார்.

"பிளாட்டு முழுக்க நாறும் அம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளெயின்ட் சொல்லுவாங்க" என்றான் ரெஜின்.

தேவன் தந்த உணவை எறிந்தவன் தன் பிள்ளை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. நார்பர்ட் போனில் கேட்பாரே, அவன் தின்றானா என்று? அவளுக்குப் பொய் வராது.

ஞாயிறு பூசை முடிந்ததும், ஜப்பான்காரர்கள் குடியேறிய பகுதியைக் காட்ட ரெஜின் அவளை அழைத்துப் போனான். சிவப்புக் கம்பங்களில் உருண்டை விளக்குகள் தொங்கின. ஒரு கடைக்குள் கால் வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். அவள் வீட்டு மணம். கண்ணாடிப் பெட்டிக்குள், மெல்லிய தாளின் மேல், கறுத்த கட்டை ஒன்று கிடந்தது.

"கட்சுவோபுஷி. சூப்பில போடுவாங்க. இதுக்க மணமே தனி அம்மா."

"எலே, இது மாசியாக்கும்."

"அதுபோலத்தான். ஆனா இது வேற."

"என்ன வேற? கண்ணாடிப் பெட்டியில இருந்தா மணம், ஒனக்க அப்பன் காயவச்சா நாத்தம். இல்லியாலே?"

கடைக்கார ஜப்பானியப் பெண் போர்ச்சுகீசிய மொழியில் ஏதோ கேட்டாள்.

"என்னவாக்கும் கேக்குகா?"

"நீங்க என்னத்துக்குக் கோவமா இருக்கீங்கன்னு."

"நீ குப்பையில போட்டதைச் சொல்லு."

"இஞ்ச வச்சு வேண்டாம் அம்மா."

"போடும்போ இந்த நாணம் இல்லியே? ஒரு வாக்கு விடாம சொல்லு."

அவன் சொன்னான். அவளுக்கு மொழி தெரியாது. கடைக்காரியின் முகத்தையே பார்த்திருந்தாள். அதில் சிரிப்பு மறைந்தபோது, மகன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது.

கடைக்காரி பெட்டியைத் திறந்து, கட்டையை எடுத்து, பூப்போலச் சீவி, தாளில் வைத்து, இரு கைகளாலும் லில்லிக்குட்டியிடம் நீட்டித் தலை குனிந்தாள். லில்லிக்குட்டி சிலுவை போட்டு வாயிலிட்டாள். கண் நிறைந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

போன் அடித்தது. நார்பர்ட்.

"மாசி எப்பிடி உண்டு? பய தின்னானா?"

அவள் போனை மகனிடம் கொடுத்தாள். "இதையும் நீயே சொல்லு."

ரெஜின் கடைக்காரியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அப்பா, நான் அதைக் குப்பையில களஞ்சுட்டேன்."



"பூச்சி வந்துட்டா மக்கா? நான் நல்லாத்தானே காயவச்சேன்."

ரெஜின் உதவிக்காக அம்மாவிடம் போனை நீட்டினான். லில்லிக்குட்டி வாங்கவில்லை.

"இல்லப்பா" என்றான். "மாசி நல்லதாக்கும்."