மாமியாருக்குக் கேட்ட இருமல்

சர்க்கார் அதற்கு வைத்த பெயர் குடும்ப நலப் பெட்டி. ஜனங்கள் வைத்த பெயர் மாமியார். கூடத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல், வீட்டுப் பேச்சு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பதை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மாமியார்களின் காது மந்தமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். பதினேழு வயது. பரீட்சையில் கேட்கும் திறனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோட்டைவிட்டதால் சோதனைப் பிரிவில் போட்டார்கள். அங்கே அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கூடத்துக்கு வந்தாலே அவனுக்குத் தூக்கம் வந்துவிடும்.

வேலை சுலபம். ஒருவர் வீட்டுக்குள் மூலைக்கு மூலை நின்று, “மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை” என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் வாசற்படியில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கேட்டால் கதவைத் தட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூத்தவர் ஒருவர் ஜாமீன். சின்னவர் தப்புச் செய்தால் இரண்டு பேருக்கும் திருத்தப் பள்ளி. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. “அவ்வளவு நல்ல இடம்போல,” என்பாள் அம்மா, மாமியாரைப் பார்த்தபடி.

அவளுக்கு ஜாமீன் மேஸ்திரி. காது புண்ணானபோது தன் ஹெட்போன் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்த மனிதர்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்கள் சொந்த வீட்டையே சோதிக்க வேண்டும் என்பது விதி. விசுவாசத்துக்காக. அன்று அவள் முறை. மேஸ்திரி உள்ளே போனார். முதல் மூலை கேட்டது, தட்டினாள். இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதில் மேஸ்திரியின் குரலுக்குப் பின்னால் ஒரு இருமல்.

அம்மா இருமினால் முடிவில் ஓர் ‘அம்மாடி’ வரும். அண்ணன் இருமுகிற ஜாதியே இல்லை. இது துணியைக் கடித்து விழுங்கிய இருமல். பரண்மேலிருந்து வந்தது.

யார் என்று அவளுக்குப் பிடிபட்டது. அண்ணனின் கல்லூரியில் தலைவர் உரைக்கு நடுவே யாரோ சிரித்துவிட்டார்கள். பதிவான அந்தச் சிரிப்பை ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகப் போட்டு ஆளைத் தேடினார்கள். கேட்ட ஜனங்கள் சிரிக்காமலிருக்கப் படாத பாடு பட்டார்கள். மாணவர்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னபோது ஒருவன் மட்டும் வரவில்லை. அவன் அண்ணனின் சிநேகிதன்.

ஒரு வாரமாக அம்மா ஏன் கூடுதலாக உலை வைத்தாள், அண்ணன் ஏன் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியே போய்ச் சாப்பிட்டான் என்பதெல்லாம் இப்போது விளங்கியது. வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். ரகசியம் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

தட்ட மறந்துவிட்டாள். மேஸ்திரி வெளியே வந்தார்.

“என்ன பாப்பா, கேக்கலையா?”

“கேக்குது மேஸ்திரி.”

“அப்ப கதவு என்ன பண்ணுச்சு பாவம், தட்டாம விட்டே? சரி, ஹெட்போனைக் குடு. நீ உள்ள போய்ப் பேசு.”

உள்ளே அண்ணன் பரணுக்குக் கீழே சுவரில் சாய்ந்திருந்தான், சுவர் விழாமல் தாங்குகிறவன்போல. அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கண்ணால் மேலே காட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை,” என்றாள். பரண் இருமியது. அவளும் இருமினாள். அடுத்த மூலையில் பரண் இருமியபோது அம்மா முந்திக்கொண்டு, ‘அம்மாடி’ சகிதம் இருமினாள். கடைசியில் அண்ணனும் இருமினான். ஆடு கத்தியது போலிருந்தது. அந்தக் குடும்பத்தில் இப்படி ஓர் ஒற்றுமை அதுவரை வந்ததில்லை.

மேஸ்திரி வந்தார். துடைக்கவேண்டும் என்று பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். மாமியாரின் சிவப்புக் கண் மூடியது.

“வீட்ல எத்தனை பேருக்கு இருமல்?”

“மூணு பேருக்கும்தாங்க. சளி,” என்றாள் அம்மா.

“எனக்கு நாலு கேட்டுச்சு.”

மேஸ்திரி அண்ணன் பக்கம் திரும்பினார். “இவளுக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியாதுங்க. சொன்னா ஆபீஸ்ல சொல்லிடுவாளோன்னு…”

அவளைக் காப்பாற்றிய வார்த்தை அதுதான். கன்னத்தில் அறைந்ததும் அதுதான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி ஒயரைச் செருகி, வாக்கி-டாக்கியை அவளிடம் நீட்டினார். “ரிப்போர்ட் நீயே குடு.”

அதில் சொல்வது அப்படியே பதிவாகும். உண்மையைச் சொன்னால் அவளும் மேஸ்திரியும் தப்பலாம்; பதவி உயர்வுகூட வரலாம். ஆபீஸில் சொல்லிவிடுவாள் என்று நினைத்த வீட்டுக்கு அது ஏமாற்றமாகவும் இருக்காது. பொத்தானை அழுத்தினாள்.

“பெட்டி நல்லா இருக்கு,” என்றாள். “ஆள் மூணு.”

வாசல் தாண்டியதும் அண்ணன் கையைப் பிடித்தான். “அந்த ஆளை நம்பலாமா?”

“தெரியாது. உன்னை நம்பிக்கிட்டுத்தானே இருந்தேன். சாயங்காலத்துக்குள்ள அவனை வேற இடத்துக்கு மாத்து.”

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவளுக்கு மேஸ்திரியின் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகில் என்ன எழுதியிருக்கும்?

“ஏன் மேஸ்திரி?”

“நான் உனக்கு ஜாமீன். நீ போனா நானும் போவேன். பாசம்னு நெனச்சுக்காத.”

பாசம் என்றிருந்தால் பயந்து வண்டியிலிருந்து குதித்திருப்பாள். இந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னால் ஜாமீனை விலக்கிக்கொள்ளலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்கு நேரே போக வேண்டும். நாற்சந்தியில் அவர் வண்டியை ஆபீஸ் பக்கம் திருப்பினார்.

“பேட்டரி எடுக்கணும்,” என்றார்.

இப்போது அண்ணன் பரணுக்கு ஏணி வைத்துக்கொண்டிருப்பான். அவள் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“போற வழியில டீ குடிச்சிட்டுப் போலாமா மேஸ்திரி?”

வண்டி மெதுவானது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“குடிக்கலாம். சூடா இருந்தா நல்லா ஆற வெச்சே குடி.”